பாட்டு விற்ற கடைகள்

ஒரு சமுதாயத்தின் வரலாறு அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மட்டும் உருவாவதில்லை. அங்காடித் தெருக்களிலும் உருவாகிறது. மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தினர் என்பதைக் கடைத்தெரு காட்டும். எதைக் கேட்டு மகிழ்ந்தனர், எதைக் கேட்டுக் கண் கலங்கினர் என்பதையும் அக்கடைத்தெருவே காட்டும். மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தோட்டத்தையும் தொழிற்சங்கத்தையும், கோயிலையும் பள்ளியையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். பாட்டு விற்ற கடைகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. இசைத்தட்டும் ஒலிநாடாவும் குறுந்தட்டும் விற்ற அக்கடைகள் இன்று அருகிவிட்டன. அவற்றோடு சேர்ந்து எவை மறைகின்றன என்று எண்ணிப் பார்ப்பது காலத்தின் தேவையாகும். அவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்குப் பொருத்தமான ஊர் ஒன்று உண்டு. அதுவே பினாங்கு மாநிலத்தின் பத்து காவான்.

ஆறு சூழ்ந்த ஊர்

பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலப் பகுதியின் தெற்கில், செபராங் பிறை வட்டாரத்தில் அமைந்துள்ளது பத்து காவான். ஒரு புறம் கடலும் மறுபுறங்களில் ஆறுகளும் சூழ, முன்னாளில் இது ஒரு தீவாகவே விளங்கியது. 19ஆம் நூற்றாண்டில் இங்குத் தியோச்சியூ சீனர் கரும்பு பயிரிட்டனர். அந்நூற்றாண்டில் இவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறி வந்தனர். ஒப்பந்தமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன்பின் நிலைத்த கங்காணிமுறையும் 1938ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்கள் மாறின, தமிழரின் லய வாழ்க்கை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

வந்தவர்கள் கொண்டுவந்த மூட்டையில் துணியும் பாத்திரமும் இருந்திருக்கும். அவற்றினும் மேலான ஒரு செல்வம் அவர்தம் நெஞ்சில் இருந்தது. தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் ஒப்பாரியும் எந்த மூட்டையிலும் அடங்காதவை. அவற்றுக்கு ஏடு இல்லை, விலையும் இல்லை. பாட்டியின் நினைவே அக்காலத்துப் பாட்டுக் கருவூலம். பாட்டி மறைந்தால் அவள் பேத்திக்குக் கற்பித்தவை மட்டும் எஞ்சும்; கற்பிக்காதவை அவளோடு மண்ணுள் மறையும். பாட்டை ஒரு பொருளில் அடைத்து வைக்கலாம், அதைக் கடையில் வாங்கலாம் என்னும் நிலை வந்தபோது, இவ்விழப்புக்கு முதன்முறையாக ஒரு மாற்று கிட்டியது. இக்கருத்தை மனத்திற்கொண்டு பார்த்தால்தான் பாட்டுக் கடைகளின் சிறப்பு விளங்கும்.

அரக்குத் தட்டின் காலம்

1902ஆம் ஆண்டில் பிரடெரிக் கெய்ஸ்பெர்க் என்பார் இலண்டன் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகரின் குரலைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டில் அவர் சிங்கப்பூரிலும் பதிவுகள் செய்தார். 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சியால்தா பகுதியில் இசைத்தட்டு வார்க்கும் ஆலை எழுந்தது. அக்காலத்துத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அந்த அரக்கு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணித்துளிப் பாட்டுத்தான் அடங்கும். கை தவறினால் தட்டு உடைந்துபோகும்.

தமிழ் இசைத்தட்டின் வரலாற்றில் ஒரு கடைக்குத் தனியிடம் உண்டு. காரைக்குடியில் தந்தையாரின் கடையில் இசைத்தட்டு வணிகத்தில் பழகிய ஏ.வி. மெய்யப்பன், 1930களின் தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை நண்பர்களுடன் தொடங்கினார். பிறர் வெளியிட்ட தட்டுகளை விற்பதோடு நில்லாமல், தாமே தட்டுகளை வெளியிடும் நிலைக்கு உயர்ந்தார். பின்னாளில் ஏ.வி.எம். என்னும் மூன்றெழுத்தால் தமிழுலகம் அறிந்த பெரும் படநிறுவனத்தின் வேர் அந்த இசைத்தட்டுக் கடையிலேயே ஊன்றியிருந்தது. மக்கள் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகின்றனர் என்பதை நேரில் அறிந்தவர் கடைக்காரரே. அவ்வறிவே படத்தொழிலுக்கு முதலாயிற்று எனலாம்.

1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் படத்தின்வழித் தமிழ்த்திரை பேசத் தொடங்கியது, பாடவும் தொடங்கியது. திரைப்பாடல் தட்டுகள் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தன. ஆயினும் நாட்கூலியை நம்பி வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்குக் கிராமபோன் பெட்டி எட்டாக் கனியே. அவருக்கு அரையணா மதிப்பிலான பாட்டுப் புத்தகமே கிட்டியது. தட்டின் இசையை அவர் கேட்டது பெரும்பாலும் திருவிழாக் காலங்களில்தான். கோயில் முற்றத்து மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஒலித்தால் லயம் முழுவதும் கேட்கும். ஒலிபெருக்கிக்காரரின் மரப்பெட்டியில் இருந்த தட்டுகளே ஓர் ஊரின் இசை நூலகமாக விளங்கின.

ஒலிநாடா தந்த உரிமை

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. உள்ளங்கையில் அடங்கும் பேழை. அதனுள் இரும்புத் துகள் பூசிய மெல்லிய நாடா. மின்கலத்தாலும் இயங்கும் கருவி என்பதால் மின்சாரம் இல்லாத வீட்டிலும் அது பாடியது. ஒரு மணி நேர நாடாவில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கின. இவை அனைத்தினும் சிறந்தது வேறொன்று: கேட்பதோடு, பதிவு செய்யவும் இயன்றது. பாட்டியின் தாலாட்டையும் மகளின் திருமண வாழ்த்தையும் பாட்டாளி ஒருவர் தம் வீட்டிலேயே பதிந்து வைத்துக்கொள்ளும் உரிமையை வரலாற்றில் முதன்முறையாக வழங்கியது இவ்வெளிய கருவியே.

1970களிலும் 1980களிலும் பாட்டுக் கடைகள் செழித்தன. 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராசா அறிமுகமானார். நாட்டுப்புற மெட்டைத் திரைக்குக் கொண்டுவந்த அவ்விசை, தோட்டப்புறத் தமிழரின் செவிக்குப் பழகிய ஒன்றாகவே ஒலித்தது. ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் என வழங்கும் மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர் ‘கடைத்தெரு’ என்றே அழைத்தனர். அத்தெருவிலும், அதை அடுத்த பினாங்கு ஸ்திரீட்டிலும், குயின் ஸ்திரீட்டில் 1833 முதல் நிலைபெற்ற மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றிலும் துணிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் நடுவே பாட்டுக் கடைகள் அமைந்தன. பத்து காவான் போன்ற தோட்டங்களிலிருந்து வருவோர் பட்டர்வொர்த் வந்து படகேறி அக்கரை சேர வேண்டும். 1985ஆம் ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதற் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அப்பயணம் எளிதாயிற்று. தீபாவளிக்குத் துணியெடுக்கச் செல்லும் குடும்பத்தின் பையில் புதுப்படத்துப் பாட்டு நாடா ஒன்றும் இடம்பெறுவது வழக்கமாயிற்று.

அக்கடைகள் ஆற்றிய பணி விற்பனையோடு முடியவில்லை. படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் அறியாத முதியவர் ஒருவர் பாட்டின் ஓரடியை முணுமுணுப்பார். கடைக்காரர் அடுத்த கணமே உரிய நாடாவை எடுத்துத் தருவார். விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தரும் வழக்கமும் தமிழர் வாழும் ஊர்களில் பரவியிருந்தது. அப்பட்டியலில் ஒரு மனிதரின் வாழ்க்கையே அடங்கியிருக்கும்: முருகன் மீது ஒரு பாட்டு, இளமையில் கேட்ட ஒரு பாட்டு, இறந்துபோன உடன்பிறப்பு விரும்பிக் கேட்ட ஒரு பாட்டு. அவற்றைப் படித்துப் பதிந்து கொடுத்த கடைக்காரர் அவ்வூர் மக்களின் உள்ளத்தை அறிந்தவராகவே இருந்தார்.

மண்ணின் குரல்

தமிழகத்துப் பாடல்களுக்குப் பக்கத்தில் இம்மண்ணின் குரலும் அக்கடைகளில் இடம்பெற்றது. ரெ. சண்முகம் போன்ற வானொலிக் கலைஞர்கள் வளர்த்த உள்ளூர் மெல்லிசை, நாடகப் பாடல், கோயில்தோறும் அவ்வூர்த் தெய்வத்தின் மீது பாடப்பெற்ற பக்திப் பாடல் எனப் பலவும் நாடாவாகி வெளிவந்தன. இத்தகைய நாடாக்களைக் கலைஞர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சிறு எண்ணிக்கையில் வெளியிட்டுக் கடைகளில் வைத்து விற்றனர். பினாங்கில் பிறந்த டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் முன்னின்று நடத்திய ‘அலிகேட்ஸ்’ இசைக்குழு 1960களின் இறுதியில் தோன்றி, மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ்பெற்றது. 2006ஆம் ஆண்டில் யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு மலேசியாவில் பிறந்து தமிழகத்தையும் எட்டியது. எதிர்த்திசையில் பாய்ந்த அந்த அலை, மலேசியத் தமிழர் பாட்டை வாங்குபவர் மட்டுமன்றிப் படைப்பவரும் ஆவர் என்பதை நிறுவியது.

வீழ்ச்சிக்குரிய காரணங்கள்

பாட்டுக் கடைகளை இணையமே வீழ்த்தியது என்று கூறுவது எளிது. ஆனால் அது பாதி உண்மையே. முதலாவது அடி, வணிகத்தின் உள்ளிருந்தே விழுந்தது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, பாட்டைக் காந்தக் கோலமாக வைக்காமல் எண்களாக மாற்றி வைத்தது. எண்களை எத்தனை முறை படியெடுத்தாலும் தரம் குறைவதில்லை. ஆகவே திருட்டுப் பதிப்பு பெருகியது. அதைத் தடுக்க மலேசிய அரசு 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. உரிய விலை கொடுத்து வாங்குவோர் குறைந்ததில் விற்றவருக்கும் பங்குண்டு, வாங்கியவருக்கும் பங்குண்டு.

இரண்டாவது அடி, வாடகை. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைக் காத்துவந்த 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதன் இடைக்காலப் பாதுகாப்பும் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. குறைந்த வாடகையை நம்பிச் சிறுவணிகம் செய்தோர் பலர் இடம்பெயர நேர்ந்தது. மூன்றாவது அடி, தோட்டங்களின் சிதைவு. நகரமயத்தால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே பாட்டைக் கேட்ட மக்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினர்.

அதன் பின்னரே இணையம் தன் பணியை முடித்தது. 1999இல் நாப்ஸ்டர், 2001இல் ஐபாட், 2005இல் யூடியூப் எனப் படிப்படியாக வளர்ந்த மாற்றம், 2013இல் ஸ்பாட்டிபை மலேசியாவுக்கு வந்தபோது நிறைவெய்தியது. உலகப் புகழ்பெற்ற டவர் ரெக்கார்ட்ஸ் 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த தன் கடைகளை மூடியது. அந்நிலையில் கடைத்தெருவின் சிறுகடைகள் தாக்குப்பிடிப்பது எங்ஙனம்? 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளேடே 2019ஆம் ஆண்டில் நின்றுபோனது, கையால் தொட்டு வாங்கும் ஊடகத்தின் நிலையை நன்கு உணர்த்தும்.

நினைவுக் கருவி செய்யும் ஊர்

இனிப் பத்து காவானுக்குத் திரும்பலாம். பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் முயற்சியால் அத்தோட்ட நிலம் புதுநகராக உருமாறியது. 2000ஆம் ஆண்டில் மலேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அங்கு விளையாட்டரங்கம் எழுந்தது. 2014ஆம் ஆண்டில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் ஐக்கியா பேரங்காடி வந்தது. முன்பு படகேறிக் கடைக்குச் சென்ற ஊருக்கு இன்று பிற ஊரார் பாலமேறிக் கடைக்கு வருகின்றனர்.

அப்புதுநகரின் தொழிற்பேட்டையில் மைக்ரான் நிறுவனம் நினைவுச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலைகளை நடத்துகிறது. அங்கு அதன் இரண்டாம் ஆலை 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கடைகளை மறையச் செய்த இலக்கவியல் உலகின் சேமிப்புக் கருவிகள் உருவாகும் இடங்களுள் ஒன்று, ஒரு காலத்தில் தமிழர் பால் வெட்டிய வட்டாரமே. விரல் அகலமே உள்ள ஒரு டெராபைட் கருவியில், பாட்டுக்கு ஐந்து மெகாபைட் எனக் கணக்கிட்டால், 2 இலட்சம் பாடல்கள் அடங்கும். பினாங்குத் தமிழர் ஒரு நூற்றாண்டில் கேட்ட பாடல்களை அதில் அடைத்துவிடலாம். ஆனால் அந்த வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் பாடப்பெற்ற பாடல்களும், உள்ளூர்க் கலைஞர் கைப்பொருள் இழந்து வெளியிட்ட நாடாக்களும் அதனுள் உள்ளனவா? கருவி செய்வோர் கடமை கருவியைச் செய்வதோடு முடிகிறது. அதனுள் எதை வைப்பது என்பது அந்நினைவுக்கு உரியவர்களின் கடமையாகும்.

பெற்றதும் இழந்ததும்

இலக்கவியலைப் பழிப்பது அறிவுடைமையாகாது. விரும்பிய பாடலைத் தோட்டத்துச் சிறுவனும் நொடியில் கேட்கிறான். புதிய பாடகர் ஒருவர் எந்தப் பெருநிறுவனத்தின் வாயிலிலும் காத்திராமல் தம் பாட்டை உலகின் முன் வைக்கிறார். இவை மறுக்கவொண்ணாத நன்மைகள்.

எனினும் இணையத்தில் உள்ளது என்றும் நிலைத்திருக்கும் என்னும் நம்பிக்கை பிழையானது. 2009ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அவர்தம் படிப்புக் கருவிகளிலிருந்து நீக்கியது. பின்னர் மன்னிப்பும் கேட்டது. மைஸ்பேஸ் என்னும் இணையத்தளத்தில் 2015க்கு முன் ஏற்றப்பட்ட இசைப் பதிவுகள் இடமாற்றத்தின்போது அழிந்துபோனமை 2019இல் வெளிப்பட்டது. அவற்றின் எண்ணிக்கை 5 கோடி எனக் கூறப்பட்டது. கடையில் வாங்கிய நாடாவை எந்த நிறுவனமும் வீட்டிற்குள் புகுந்து எடுத்துச் செல்ல இயலாது. இன்றைய சந்தாமுறையில் பாட்டு கேட்பவருக்கு உரியதன்று; வாடகைக்கு வந்ததே. வாடகை நின்றால் பாட்டும் நிற்கும்.

நாடாவுக்கும் முதுமை உண்டு. பினாங்கின் வெப்பமும் ஈரமும் அதன் பூச்சை உரிக்கும், பூஞ்சணம் படரும், அதை இயக்கும் கருவியும் அரிதாகிவிட்டது. கடை மூடப்பட்டபோது விற்காமல் எஞ்சியவை குப்பைக்குச் சென்றன. ஆகவே இணையத்திலும் ஏறாமல், கடையிலும் இல்லாமல், அலமாரியில் நலிந்துகொண்டிருக்கும் நாடாவே இன்று பெரும் இடருக்கு உள்ளானது. தமிழகத் திரைப்பாடல்களைக் காக்க ஆயிரம் பேர் உள்ளனர். மலேசியத் தோட்டத்துப் பாட்டைக் காக்க மலேசியத் தமிழரே உள்ளனர்.

எதிர்காலம்

கடைகள் முற்றும் அழிந்துவிடும் என்று முடிவு கட்டவும் இயலாது. இலண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் 1921இல் தோன்றிய எச்.எம்.வி. கடை, இடையில் மூடப்பட்டு 2023ஆம் ஆண்டில் அதே இடத்திற்கு மீண்டது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. கையால் தொட்டுச் சொந்தமாக்கிக்கொள்ளும் விருப்பம் மனித இயல்பு. அது எளிதில் மாயாது. எனினும் பெருஞ்சந்தை உள்ள மொழிகளுக்குப் பொருந்துவது சிறுபான்மைச் சமூகத்தின் மொழிக்கும் பொருந்தும் எனக் காத்திருத்தல் தகாது. வணிகம் மீட்காத இடத்தைப் பொதுப்பணி மீட்க வேண்டும்.

அதற்கு முன்மாதிரிகள் உள்ளன. பினாங்கில் 1929ஆம் ஆண்டில் பிறந்த பி. ரம்லியின் கலைவாழ்வைப் போற்றித் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகம் 1986ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நினைவகம் அமைத்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்திற்கு அளிக்குமாறு பணிக்கிறது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பின் வடுவைச் சுமந்த ஈழத்தமிழர், 2005இல் ‘நூலகம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, தம் நூல்களையும் இதழ்களையும் இலக்கவியல் வடிவில் காத்து வருகின்றனர். கடையை அழித்த அதே கருவி காவற்கருவியாகவும் பயன்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் இப்பணியைத் தொடங்குவதற்கு ஏற்ற இடங்களாகும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழைய நாடாக்களையும் தட்டுகளையும் பட்டியலிடலாம். அவற்றுள் உள்ளூர்ப் பதிவுகளைப் பிரித்தெடுத்து, பாடியவர், இயற்றியவர், ஊர், ஆண்டு ஆகிய விவரங்களை முதியோரிடம் கேட்டு எழுதலாம். எழுத்தாளர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் கைகொடுத்தால், உரிமையாளரின் இசைவு பெற்றுப் பதிவுகளை இலக்கவியல் வடிவத்திற்கு மாற்றி நூலகங்களில் வைக்கலாம். முன்னாள் கடைக்காரர்கள் இன்னும் சிலர் உள்ளனர். ஓரடியைக் கேட்டுப் பாட்டைச் சொல்லும் அவர்தம் அறிவையும் பதிந்து வைத்தல் இன்றியமையாதது. நாடா சில ஆண்டுகள் பொறுக்கலாம். மனித ஆயுள் பொறுக்காது.

பாட்டியின் நெஞ்சில் இருந்த பாட்டுக்கு அரக்குத் தட்டும் ஒலிநாடாவும் ஓர் இடம் தந்தன. அவ்விடத்திற்குக் காவலாக இருந்தவை பாட்டுக் கடைகள். காவலர் இன்று விடைபெறுகின்றனர். காக்கப்பட்ட பொருளை ஏற்றுக்கொள்ள அடுத்த கை நீள வேண்டும். பத்து காவானின் ஆலைகளில் நாள்தோறும் நினைவுக் கருவிகள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் பத்து காவான் தோட்டத்துத் தாலாட்டு ஒன்று இடம்பெறுமாயின், இம்மண்ணில் வியர்வை சிந்திய மூதாதையர்க்குச் செய்யும் நன்றிக்கடனில் ஒரு பகுதியேனும் தீர்ந்ததாகக் கொள்ளலாம்.